அழையா விருந்தாளியும் நமது நீர்நிலைகளும்

(யூபிலி விழாவையொட்டி நம் பங்கின் இளைஞர் கருத்தரங்கில் கணவன் மனைவியாக இருவர் ஆற்றிய உரை)



"உங்கள் உத்தியோகத்தைப் பற்றிப் பிள்ளைகளுக்கு அரைமணி நேரம் சொல்லுங்கள்" என்று சுவாமி அவர்கள் கேட்டபோது நாங்கள் தயங்கினோம். மருத்துவர் என்றால் எல்லோருக்கும் விளங்கும். கோரிமேட்டில் ஜிப்மரைக் காட்டினாலே போதும். ஆசிரியர், காவலர், வங்கி அலுவலர் என்றாலும் விளங்கும். வெளிநாட்டிலிருந்து வந்து நம் ஏரிகளையும் ஆறுகளையும் மூடும் செடிகளையும், நம் மீன்களை ஒழிக்கும் மீன்களையும் தடுக்க அரசு என்ன விதி செய்யவேண்டும் என்று எழுதிக் கொடுப்பதுதான் எங்கள் வேலை என்றால், கேட்பவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். எங்கள் உறவினர் ஒருவர், "அப்படியானால் ஏரியில் பாசி எடுக்கும் உத்தியோகம் என்று சொல்லுங்களேன்" என்றார். நாங்களும் ஆமாம் என்று ஒப்புக்கொண்டோம். அந்தப் பாசி எடுக்கும் உத்தியோகத்தைப் பற்றியே இன்று பேச வந்திருக்கிறோம்.

எங்களில் ஒருவர் மீன்வளம் படித்தவர். மற்றவர் சட்டம் படித்தவர். ஒருவர் தண்ணீரில் இறங்கி என்ன இருக்கிறது என்று பார்த்து எழுதுவார். மற்றவர் அந்த எழுத்தை விதியாகவும் ஆணையாகவும் மாற்றும் வழி தேடுவார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இப்படியே ஒரே மேசையில் வாழ்க்கை ஓடிவிட்டது.

முதலில் ஒரு கடனைச் சொல்லிவிட வேண்டும். யூபிலி ஆண்டு என்பது கடன் தீர்க்கும் ஆண்டு என்று வேதாகமத்தில் படிக்கிறோம் அல்லவா? ஆதலால் இதைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான மேடை எங்களுக்குக் கிடைக்காது.

எங்களில் ஒருவரின் சொந்த ஊர் பாகூர்ப் பக்கத்துக் கிராமம். யாருடைய ஊர் என்று சொல்லமாட்டோம். கணவன் மனைவி என்றான பிறகு குற்றமும் பொதுச் சொத்துதானே! அந்த வீட்டு முற்றத்தில் ஒரு சிமெண்டுத் தொட்டி இருந்தது. திருவிழாக் கடையில் வாங்கிவந்த ஒரு செடியை அதில் மிதக்கவிட்டார்கள். பார்க்க அழகான செடி. ஊதாப் பூ, நடுவில் மயிற்பீலிக் கண்போல ஒரு மஞ்சள் புள்ளி. இரண்டு மாதத்தில் தொட்டி நிரம்பிவிட்டது. நிரம்பியதை அள்ளி, உயிருள்ள செடியைக் குப்பையில் போட மனம் வராமல், தெருக்கோடிக் குளத்தில் கொண்டுபோய் விட்டது ஒரு பத்து வயதுப் பிள்ளை.

மூன்றாம் ஆண்டு அந்தக் குளத்தில் தண்ணீர் கண்ணுக்குத் தெரியவில்லை. கரைமுதல் கரைவரை ஒரே பச்சை. துணி வெளுக்க வந்தவர்கள் வேறு குளம் தேடினார்கள். தூண்டில் போட்ட சிறுவர்கள் வீட்டுக்குத் திரும்பினார்கள். ஒரு நாள் ஓர் எருமை, தரை என்று நினைத்து அந்தப் பச்சையின்மேல் நடந்து உள்ளே போய்விட்டது. நாலு பேர் கயிறு போட்டு, அரை நாள் பாடுபட்டு அதை இழுத்து எடுத்தார்கள். "எந்தப் பாவி கொண்டுவந்து விட்டானோ" என்று ஊரார் பேசிக்கொண்டதைக் கரையில் நின்றபடி அந்தப் பிள்ளை கேட்டது. கேட்டும் வாய் திறக்கவில்லை. பின்னாளில் நாங்கள் இந்த வேலையைத் தேர்ந்தெடுத்ததற்கு அந்த மௌனமும் ஒரு காரணம்.

அந்தச் செடிதான் நாம் ஆகாயத்தாமரை என்றும் வெங்காயத்தாமரை என்றும் சொல்லும் செடி. இந்தப் பெயரிலேயே ஒரு பாடம் இருக்கிறது. நம் சித்த வைத்தியர்கள் ஆகாயத்தாமரை என்று சொல்லிவந்தது வேறொரு செடியை. அது கோசுக்கீரைபோல் இதழ் விரித்து, தரையில் வேரூன்றாமல் மிதப்பது. ஊதாப் பூச்செடி தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் பகுதியைச் சேர்ந்தது. அதன் இலைக்காம்பு வெங்காயம்போல் உப்பியிருக்கும். உள்ளே காற்று நிறைந்த பஞ்சு. அதனால்தான் மிதக்கிறது. பின்னால் வந்த இச்செடி தண்ணீரோடு பழைய செடியின் பெயரையும் பிடித்துக்கொண்டது! ஆணை எழுதும்போது எந்தச் செடி என்று தெளிவாக எழுதாவிட்டால் எதைப் பிடுங்குவது, எதை விடுவது என்று வேலையாளுக்குத் தெரியாது. ஆகவே, பெயரைச் சரியாகச் சொல்வதே இந்தப் பணியின் முதற்படி.

அதன் வளர்ச்சியைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். வெயிலும் கழிவுநீரின் சத்தும் சேர்ந்தால் ஏறக்குறைய இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும். தாய்ச்செடி பக்கவாட்டில் தண்டு விட்டுக் குட்டி போட்டுக்கொண்டே போகும். அது போதாதென்று விதையும் உண்டு. சேற்றில் விழுந்த விதை பதினைந்து, இருபது ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். இந்த இருபது ஆண்டுக் கணக்கை மனத்தில் வையுங்கள். பிறகு அதற்கு வருகிறோம்.

வெளிநாட்டிலிருந்து வந்த எல்லாமே கெட்டது என்று யாரும் எண்ணவேண்டாம். நம் குழம்பிலிருக்கும் மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, மரவள்ளி எல்லாம் கடல் தாண்டி வந்தவையே. அவை இட்ட இடத்தில் இருக்கின்றன. நம் கையை விட்டுப் போய், ஏற்கெனவே இருப்பவற்றை அழித்து, மனிதனின் பிழைப்பையும் கெடுப்பதைத்தான் ஆக்கிரமிப்பு இனம் என்கிறோம். உலக நாடுகள் சேர்ந்து அமைத்த பல்லுயிர் அறிவியல் குழு 2023-இல் ஓர் அறிக்கை தந்தது. மனிதரால் புதிய இடங்களில் குடியேறிய இனங்கள் 37,000-க்கும் மேல் என்றும், அவற்றில் தீங்கு செய்பவை 3,500-க்கும் மேல் என்றும் அது கணக்கிட்டது. பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். அந்தப் பத்தில் ஒன்று எது என்று முன்கூட்டியே அறிவதுதான் எங்கள் தொழிலின் கடினமான பகுதி.

இந்தத் தொழில் இன்று நேற்றுத் தோன்றியது அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அழகுச் செடியாக வங்காளத்துக்கு வந்த ஆகாயத்தாமரை, சில பத்தாண்டுகளில் அங்குள்ள ஆறுகளையும் கால்வாய்களையும் மூடிற்று. படகு போகவில்லை. வெள்ளத்தில் மிதந்துவந்து நெல் வயல்களையும் அழுத்திற்று. "வங்காளத்தின் பயங்கரம்" என்றே அதற்குப் பெயர் வந்தது. பர்மாவில் 1917-இலேயே அதற்கென்று சட்டம் செய்தார்கள். வங்காள அரசு 1921-இல் ஒரு குழு அமைத்தது. அதற்குத் தலைவர் யார் தெரியுமா? விஞ்ஞானி ஜகதீஷ் சந்திர போஸ்! ஆனாலும் 1936-இல்தான் தனிச் சட்டம் வந்தது. தன் நிலத்திலோ நீரிலோ இச்செடியை வைத்திருப்பவர் அதை அகற்றவேண்டும் என்று அது கூறிற்று. அடுத்த 1937 தேர்தலில் கட்சிகள் இந்தச் செடியை ஒழிப்போம் என்று வாக்குறுதியே கொடுத்தன. பதவிக்கு வந்த பஸ்லுல் ஹக் அமைச்சரவை ஊர் ஊராக மக்களை இறக்கி இயக்கம் நடத்திற்று. அதன்பிறகே தொல்லை அடங்கத் தொடங்கியது. சட்டம் மட்டும் போதாது, மக்கள் மட்டும் இறங்கினாலும் போதாது, இரண்டும் ஒரே காலத்தில் சேரவேண்டும் என்பதற்கு இது சான்று.

மூன்றாவது துணையாக வந்தது பூச்சி. நம் ஊர்ப் பெரியவர்களுக்குச் சப்பாத்திக்கள்ளி தெரியும். அதுவும் அமெரிக்கக் கண்டத்துச் செடி. தென்னாட்டுத் தரிசுகளை அது முட்காடாக்கிய காலத்தில், 1926-இல் கள்ளியை மட்டுமே தின்னும் ஒரு பூச்சியை இலங்கையிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். உடம்பில் வெள்ளைப் பஞ்சு போர்த்ததுபோல் இருக்கும் சிறு பூச்சி அது. சில ஆண்டுகளில் காடு காடாய்க் கள்ளி காய்ந்தது.

அதே வழியில் 1982-83-இல் பெங்களூரிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தார் ஆகாயத்தாமரையைத் தின்னும் கூன்வண்டுகளை வரவழைத்தார்கள். வரவழைத்த உடனே விட்டுவிடவில்லை. நெல்லைத் தின்னுமா, காய்கறியைத் தின்னுமா என்று பூட்டிய அறைக்குள் ஒவ்வொரு பயிராக வைத்துப் பார்த்தார்கள். தன் செடியைத் தவிர வேறெதிலும் அந்த வண்டு பெருகவில்லை என்று தெளிந்த பிறகே ஏரியில் விட்டார்கள். பெங்களூரின் சில ஏரிகளில் சில ஆண்டுகளில் செடி பெரிதும் அழிந்தது. அக்காலத்திலேயே கேரளத்தின் குட்டநாட்டில் 'ஆப்பிரிக்கன் பாயல்' என்ற மிதக்கும் களையை மற்றொரு சிறு வண்டு அடக்கிற்று. அந்தக் களைக்குப் பெயர்தான் ஆப்பிரிக்கா, பிறப்பிடம் பிரேசில். பெயர்க் குழப்பம் நம்மோடு நிற்கவில்லை பாருங்கள்!

இதையெல்லாம் கேட்டுவிட்டு, அரசாங்கமும் விஞ்ஞானமும் தவறே செய்யாது என்று எண்ணிவிடாதீர்கள். கொசுவை ஒழிக்க 1928-இல் அமெரிக்காவின் கம்பூசியா மீனை நம் நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அது கொசுப்புழுவைத் தின்றது. நம் சிறு மீன்களின் குஞ்சுகளையும் முட்டைகளையும் சேர்த்தே தின்றது. ஏழைக்கு மலிவான மீன் கிடைக்கட்டும் என்று 1952-இல் ஜிலேபி மீனைக் கொண்டுவந்தார்கள். ஏழைக்கு மீன் கிடைத்தது உண்மை. பல நீர்த்தேக்கங்களில் நாட்டு மீன் குறைந்ததும் உண்மை. ஆப்பிரிக்கக் கெளுத்தியை அரசு கொண்டுவரவில்லை. அது கள்ளத்தனமாக வந்து பண்ணைகளில் பெருகிற்று. அரசு 2000-இல் அதை வளர்க்கத் தடை விதித்த பிறகும் ஒளித்து வளர்க்கிறார்கள். இன்று தடை என்று எழுதுகிற நாங்கள், நேற்று வரவேற்றவர்களின் வாரிசுகள்தான். இதை மறந்தால் இந்தத் தொழிலில் அகந்தை வந்துவிடும்.

செடி பூத்தால் என்ன, மீன் மாறினால் என்ன, மனிதனுக்கு அதனால் என்ன வந்தது என்று கேட்கலாம். பதிலுக்கு நாம் தூரம் போகவேண்டியதில்லை. நம் கோரிமேட்டுக்குப் பக்கத்தில் இந்திரா நகரில் 1975-இல் தொடங்கிய நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. யானைக்கால் நோய்க்காக 1981 முதல் 1985 வரை நம் புதுவை நகரிலேயே பெரிய கொசு ஒழிப்புத் திட்டத்தை நடத்திக் காட்டியவர்கள் அவர்கள். அந்த நோயைப் பரப்பும் கொசுக்களில் ஒரு வகையின் புழு, மற்றப் புழுக்களைப்போல் மூச்சுவிடத் தண்ணீர்ப் பரப்புக்கு வருவதில்லை. மிதக்கும் செடியின் வேரில் ஊசிபோல் குத்தி, அந்த வேரின் காற்றையே உறிஞ்சி வாழ்கிறது. தண்ணீர்மேல் எண்ணெய் ஊற்றினால் அது சாகாது. செடியை எடுத்தால்தான் அது போகும். கேரளத்தின் சேர்த்தலையில் இந்தக் கொசுவை எதிர்த்து இதே மையத்தார் 1980-களின் நடுவில் வேலை தொடங்கினார்கள். வீட்டுக் குளத்துச் செடியை எடுத்துத் தென்னைக்கு உரமாக்கி, அந்தக் குளத்தில் மீன் வளர்க்க மக்களைப் பழக்கினார்கள். நோய் தடுக்கச் செய்த வேலை வருமானமும் தந்தது. எங்கள் தொழிலில் நாங்கள் போற்றும் முன்மாதிரிகளில் ஒன்று நம் தெருவுக்கு அடுத்த தெருவிலிருந்து போனது என்பதில் எங்களுக்குப் பெருமை உண்டு.

குளத்தோடு தொல்லை நிற்கவில்லை. கடலும் கழிமுகமும் இன்று இதற்குள் வந்துவிட்டன. சென்னைக்கு வடக்கே எண்ணூர், பழவேற்காடு பக்கம் மீனவ மக்கள் 'காக்கா ஆழி' என்று சொல்லும் ஒரு சிப்பி பரவிற்று. அமெரிக்கக் கடற்கரைகளைச் சேர்ந்த அந்தச் சிப்பி ஆற்றடியில் கம்பளம் விரித்ததுபோல் படர்ந்து சேற்றை மூடிவிடுகிறது. இறால் பிடிப்பவர்கள் கையால் தடவிப் பிடிக்கும் சேறு அது. சேறு மூடினால் அவர்கள் அடுப்பு அணையும். மீனவர்களே வழக்காடி, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம்வரை சென்றார்கள். படித்தவர்கள் அறிக்கை எழுதுமுன் கால் வைத்த இடத்தில் மாற்றத்தைக் கண்டு சொன்னவர்கள் அவர்கள்தான்.

இத்தகைய சிப்பிகள் கடல் கடப்பதற்குக் கப்பலும் ஒரு வழி. சரக்கில்லாத கப்பல் சாயாமல் நிற்க வயிற்றில் கடல்நீரை நிரப்பிக்கொள்ளும். சரக்கு ஏற்றும் துறைமுகத்தில் அதைக் கொட்டும். நீரோடு புழு, முட்டை, குஞ்சு எல்லாம் கூடவே இறங்கும். இதைத் தடுக்க 2004-இல் உலக நாடுகள் ஓர் உடன்படிக்கை எழுதின. அது நடைமுறைக்கு வந்தது 2017 செப்டம்பர் 8-ஆம் நாள். பதின்மூன்று ஆண்டுகள்! ஒரு தொட்டித் தண்ணீரைச் சுத்தம் செய்து ஊற்று என்று சொல்ல உலகத்துக்கு இவ்வளவு காலம் பிடித்தது. பொறுமையில்லாதவர் இத்தொழிலுக்கு வரவேண்டாம் என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

இளைஞர்களே, அப்படியானால் இத்தொழிலில் ஒருவர் தினமும் என்ன செய்கிறார்? நான்கு சொற்களில் சொல்கிறோம்: பார்த்தல், அடைத்தல், எழுதுதல், திரும்பப் போதல்.

பார்த்தல் என்பது நீர்நிலையில் எது புதிதாக வந்திருக்கிறது என்று சீக்கிரமே கண்டுகொள்வது. ஒரு கூடைச் செடியாக இருக்கும்போது கண்டால் ஒரு மனிதன் ஒரு நாளில் எடுத்துவிடுவான். ஏரி நிறைந்த பிறகு இயந்திரம் வைத்தாலும் தீராது. அதற்குச் செடியறிவு வேண்டும். திருச்சி தூய வளனார் கல்லூரியில் ராபினாட் தாவரக்கூடத்தை நிறுவிய இயேசு சபைக் குரு மத்தேயு அடிகளார் (கே. எம். மத்தேயு) இங்கே நினைக்கத்தக்கவர். கொடைக்கானல் மலையில் குடியேறிய வெளிநாட்டுச் செடிகளைப் பற்றி 1969-லேயே தனி நூல் எழுதினார். பிறகு தமிழகச் சமவெளியின் தாவரங்களைத் தொகுதி தொகுதியாக எழுதிவைத்தார். 2004-இல் மறைந்தார். எது புதிது என்று நாங்கள் சொல்லமுடிவது, எது முன்பே இருந்தது என்று அவரைப்போன்றவர்கள் எழுதிவைத்ததால்தான்.

அடைத்தல் என்பது வந்த வாசலை மூடுவது. கப்பல், விமானம், அலங்கார மீன்கடை, பண்ணை, நம் வீட்டுத் தொட்டி என்று எல்லாம் வாசல்களே. எழுதுதல் என்பது சட்டம். 1992-இன் பல்லுயிர் உடன்படிக்கையில் இந்தியா சேர்ந்திருக்கிறது. 2002-இல் பல்லுயிர்ச் சட்டம் செய்தோம். அதன்படி அமைந்த தேசிய ஆணையம் சென்னையிலேயே இருக்கிறது. வனவுயிர்ச் சட்டத்தில் 2022-இல் செய்த திருத்தம், ஆக்கிரமிப்பு அயலினங்களின் இறக்குமதியையும் விற்பனையையும் வைத்திருப்பதையும் தடுக்க மத்திய அரசுக்கு அதிகாரம் தந்தது. 2030-க்குள் இத்தகைய வரவைப் பாதியாகக் குறைப்பது என்று அதே 2022-இல் உலக நாடுகள் உறுதி எடுத்துள்ளன. இவற்றை ஊர் மட்டத்துக்கு இறக்கிவைக்கப் படித்த பிள்ளைகள் தேவை.

என்ன படிக்கவேண்டும் என்று கேட்பீர்கள். தாவரவியல், விலங்கியல், மீன்வளம், சட்டம், பொருளாதாரம் இவற்றில் எதுவும் ஆகும். நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடலுயிரியல் மையம் இருக்கிறது. நம் காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்திலேயே இந்த நீர்க்களைகளை மண்புழு உரமாக்குவது பற்றி நெடுங்காலம் ஆராய்ந்திருக்கிறார்கள். வனப்பணி, மீன்வளத்துறை, துறைமுகம், ஆராய்ச்சி நிலையம் என்று வேலைக்கு வாசல் பல. சம்பளத்தில் பணக்காரர் ஆகமுடியாது. ஆனால் குடும்பம் நடத்தலாம். நாங்கள் நடத்தியிருக்கிறோம்.

நான்காவது சொல், திரும்பப் போதல். இதில்தான் நாங்கள் பெரிதும் தவறினோம். எங்கள் முதல் ஐந்தாண்டுப் பணிக்குள் ஓர் ஏரியைச் சுத்தம் செய்யும் திட்டம் எழுதினோம். பணம் வந்தது, செடியை எடுத்தார்கள், படமும் பிடித்தார்கள். எடுத்த செடியைக் கரைமேல் குவிக்கலாம் என்று எங்கள் திட்டத்திலேயே எழுதியிருந்தோம். செடியின் எடையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். ஆகவே வெயிலில் காய்ந்துபோகும் என்று கணக்குப் போட்டோம். ஐப்பசி மழை அந்தக் கணக்கைப் பார்க்கவில்லை. குவியலைக் கரைத்து ஏரிக்குள்ளேயே தள்ளிற்று. அதைவிடப் பெரிய தவறு ஒன்று: ஏரிக்குள் விழும் சாக்கடையைப் பற்றி அந்தத் திட்டத்தில் ஒரு வரி எழுதவில்லை. சாக்கடைக்குச் செலவு அதிகம், கேட்டால் கோப்பு திரும்பிவரும் என்று பயந்து விட்டுவிட்டோம். இரண்டாம் ஆண்டு ஏரி மறுபடி பச்சை. யாரும் எங்களைத் தண்டிக்கவில்லை. எங்களுக்கே தூக்கம் வரவில்லை. அந்தச் செடி நோயன்று, நோயின் அறிகுறி. நாம் அனுப்பும் அழுக்கைத் தின்றே அது கொழுக்கிறது. இதைக் கோப்பில் எழுதத் துணிவு வருவதற்கு எங்களுக்குப் பத்தாண்டு பிடித்தது. உங்களுக்கு முதல் நாளே வரட்டும்.

இனி நம் ஊருக்கு வருவோம். கோரிமேட்டிலிருந்து மேற்கே போனால் ஊசுட்டேரி. புதுவையின் மிகப் பெரிய நன்னீர் ஏரி. ஏறக்குறைய 800 ஹெக்டேர். பாதி நம்முடையது, பாதி தமிழ்நாட்டினுடையது. புதுவை அரசு 2008-இலும் தமிழ்நாடு அரசு 2015-இலும் தத்தம் பகுதியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தன. குளிர்காலத்தில் வடதேசத்துப் பறவைகள் வந்து இறங்குவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அந்த விருந்தாளிகள் வருவார்கள், போவார்கள், யாரையும் விரட்டமாட்டார்கள். ஆனால் கரையோரத்தில் நெய்வேலிக் காட்டாமணக்கு புதராக நிற்கிறது. வெளிர் ஊதாப் பூவோடு அழகாகத்தான் இருக்கும். அதுவும் அமெரிக்காவிலிருந்து வந்ததே. ஏரியில் நிற்கும் நீர்தான் சுற்று வட்டாரக் கிணறுகளுக்கு ஊற்று. புதுவைக்குக் கிழக்கே கடல். நிலத்தடி நீர் குறைந்தால் உப்பு உள்ளே வரும். ஆகவே ஊசுட்டேரியின் நலம் என்பது நம் வீட்டுக் குடத்தின் நலம்.

நம் பங்கு மக்கள் செய்யக்கூடியவை சில உண்டு. வீட்டு மீன்தொட்டியைக் காலி செய்யும்போது செடியையும் மீனையும் குளத்திலோ வாய்க்காலிலோ விடாதீர்கள். 'டேங்க் கிளீனர்' என்று விற்கும் மீனும் சிவப்புக்காது ஆமையும் இப்படியே நம் நீர்நிலைகளுக்குப் போயின. இரக்கப்பட்டு விடுகிற உயிர் நூறு உயிரைக் கொல்லும். வாங்கிய கடையிலேயே திருப்பிக் கேட்டுப் பாருங்கள். கெபிக்கு முன்னாலுள்ள தொட்டிக்கு அல்லியும் தாமரையும் போதும். ஊதாப் பூ வேண்டாம். புதிய செடியைக் குளத்தில் கண்டால் படம் எடுத்துப் பள்ளி ஆசிரியரிடமோ வனத்துறையிடமோ காட்டுங்கள். எடுத்த செடியைக் கரையில் குவிக்காமல், நீர் எட்டாத மேட்டில் குழிவெட்டி உரமாக்குங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, நம் தெருச் சாக்கடை எங்கே போய் விழுகிறது என்று ஒரு நாள் அதன் கூடவே நடந்து பாருங்கள். அந்த நடை ஒரு நல்ல திருயாத்திரை.

முடிக்குமுன் அந்தக் கிராமத்துக் குளத்துக்கு வருகிறோம். ஓய்வுபெற்ற மறு ஆண்டு நாங்கள் இருவரும் அங்கே போனோம். அன்று எருமைக்குக் கயிறு போட்ட நாலு பேரில் ஒரு பெரியவர் மட்டும் இருந்தார். திண்ணையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "ஐயா, அந்தச் செடியைக் கொண்டுவந்து விட்டது நாங்கள்தான்" என்று சொன்னோம். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அம்பது வருஷம் கழிச்சு வந்து சொல்றீங்களே, சொன்னா மட்டும் போதுமா? வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டுத் தண்ணியில எறங்குங்க" என்றார். புடவைக்காரரையும் அவர் விடவில்லை!

அன்று இறங்கியவர்கள்தான். ஊர் இளைஞர்களையும் பஞ்சாயத்தாரையும் சேர்த்துக்கொண்டு இரண்டு கோடையில் குளத்தைத் திறந்தோம். அதோடு முடிந்துவிடாது என்று எங்களுக்குத் தெரியும். சேற்றில் விதை இருக்கிறது. இருபது ஆண்டுக் கணக்கை மனத்தில் வையுங்கள் என்று முன்பு சொன்னோமே, அது இதற்குத்தான். ஆண்டுதோறும் மழை விட்டதும், தை பிறந்தவுடன் அந்தக் குளத்துக்குப் போகிறோம். கரையைச் சுற்றி நடந்து, முளைத்த குட்டிகளைக் கூடையில் எடுத்து வருகிறோம். சென்ற முறை ஒரு கூடைதான். அதற்கு முந்திய முறை மூன்று.

இருபது ஆண்டும் நாங்கள் இருப்போமா என்பது இறைவன் சித்தம். அதனால்தான் இங்கே வந்து கேட்கிறோம். இந்தப் பங்கில் ஒரு பிள்ளை, ஒரே ஒரு பிள்ளை, இந்தப் பாசி எடுக்கும் உத்தியோகத்துக்கு வந்தால் எங்களுக்குப் போதும். வரும் தை மாதம் எங்களோடு கூடை எடுத்துவர விருப்பமுள்ளவர்கள், பூசை முடிந்ததும் கோயில் வாசலில் எங்களைப் பாருங்கள். காலையில் போய் மதியம் திரும்பிவிடலாம். சாப்பாடு எங்கள் பொறுப்பு.

 யூபிலி காணும் நம் பங்கு நீடு வாழ்க! நம் நீர்நிலைகள் நிறைந்து வாழ்க!

வணக்கம்.